அடையாறு ஆஸ்பத்திரியை எழுப்பிய அம்மையார்

பங்காருப்பேட்டையில் சென்னை ரயில் ஏறி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் தங்கவயலில் இருக்கிறார்கள். ராபர்ட்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் விசாரித்தால் தெரியும். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை ஒட்டி டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்துகள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். சீட்டுக்காக வரிசையில் நிற்கிறபோது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு, அது என்ன என்று கேட்க மனம் வராது.

இந்திய மாதர் சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த ஆஸ்பத்திரி சர்க்கார் கட்டியதல்ல. எந்தக் கம்பெனியும் கட்டியதல்ல. ஒரு மாதர் சங்கம் ஊரெல்லாம் வசூல் செய்து தொடங்கியது. அந்த வேலைக்குத் தலையைக் கொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

தங்கவயல்வாசிகளுக்கு இதில் ஒரு புதுமை இருக்கிறது. நம் ஊரில் ஆஸ்பத்திரி என்றால் கம்பெனி ஆஸ்பத்திரிதான். டெய்லர் கம்பெனி காலம் தொட்டு, வீடு, தண்ணீர், விளக்கு, வைத்தியம் எல்லாம் கம்பெனி கையில் இருந்தன. கம்பெனி கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு அதன் பொருள் என்ன என்பதைக் குடும்பம் குடும்பமாக அனுபவித்துவிட்டோம். கொடுப்பவர் கையை எதிர்பாராமல், ஊராரும் டாக்டர்களும் அரசாங்கமும் கூடி ஓர் ஆஸ்பத்திரியை எழுப்ப முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவரின் கதை இது.

திரைக்கு அப்பால் ஒரு மாணவி

முத்துலட்சுமி பிறந்தது புதுக்கோட்டையில், 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி. தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண்ணைச் சுற்றியிருந்த உலகம் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சாதியின் பெயரால் ஒதுக்கி வைப்பது என்னவென்று தங்கவயலில் யாருக்கும் சொல்லித் தரவேண்டாம்.

உயர்நிலைப் படிப்பு முடித்த பெண், ஆண்கள் படிக்கும் கல்லூரியில் சேர மனுப் போட்டார். ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். மாணவர்கள் ஒரு பக்கம், நடுவே திரை, அந்தப் பக்கம் இவர். படித்துத் தேறினார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. அறுவை சிகிச்சைத் துறையில் அவர்தான் முதல் மாணவி. பெண்கள் தம் வகுப்புக்கு வருவதை விரும்பாத ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர், பரீட்சை முடிவு வந்த பிறகு மனம் மாறினார். 1912-ல் பரிசுகளோடு பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார்.

இவரை இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆண்டும் 1886-தான். முத்துலட்சுமி அப்போது பிறக்கவே இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875-ல் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேய மாது சேர்ந்து படித்திருக்கிறார். இல்லாத பட்டத்தைச் சூட்டினால்தான் அம்மையாருக்குப் பெருமை என்பதில்லை. உள்ளதே போதும்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சடங்கு இல்லை, 1872-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத் திருமணம். மனைவியைச் சமமாக நடத்த வேண்டும், அவர் எடுக்கும் காரியத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொண்டார். அவரும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பிள்ளைகள். இளையவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

தங்கையின் நோய்

1920-களின் தொடக்கத்தில் அம்மையாரின் தங்கை நோயில் விழுந்தார். இளம் வயது. சீதபேதி என்று சொல்லி வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்று. கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு டாக்டர் அம்மாள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. கண் எதிரே வேதனைப்பட்டு அந்தப் பெண் இறந்தார்.

அந்தக் காலத்தில் புற்றுநோயை வெளியில் சொல்ல மாட்டார்கள். சாபம் என்றார்கள், தொற்றிக்கொள்ளும் என்றார்கள். மார்பில் கட்டி வந்த பெண் கணவனிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைப்பாள். கட்டி உடைந்து புண்ணான பிறகு வந்தால் டாக்டர் என்ன செய்வார்? இந்நோய் வந்தால் சாவுதான் என்ற பேச்சு இப்படித்தான் நிலைத்தது. பிந்தி வந்ததால் செத்தார்கள். செத்ததால் மற்றவர்கள் பயந்து பிந்தி வந்தார்கள்.

இது நமக்குப் புரியாத சங்கதியல்ல. சுரங்கத்தில் கல்லுடைத்த மனிதன் இருமினால் ஆஸ்துமா என்றும், காசம் என்றும் சொல்லி வந்த காலம் ஒன்று இருந்தது. 1940 முதல் 1946 வரை காப்லான், பர்டன் என்ற இரு டாக்டர்கள் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் நுரையீரலில் கல்தூசி படிந்திருந்தது. சிலிகோசிஸ். அந்தத் தூசி 1940-ல் புதிதாக வந்ததல்ல; சுரங்கம் தோண்டிய நாள் முதல் இருந்தது. எண்ணிப் பார்க்க ஆள் வந்த பிறகுதான் நோய்க்குப் பெயர் வந்தது.

புற்றுநோயையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அம்மையார் வந்தார். 1925-ல் சர்க்கார் உதவித்தொகை பெற்று லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிப்பதற்காகப் போனவர், அங்கே புற்றுநோய்க்கென்றே நடக்கும் ஆஸ்பத்திரியையும் பார்த்தார். முன்கூட்டி வந்தவர்கள் பிழைத்துப் போவதையும் கண்டார். நம் ஊரில் இது ஏன் இல்லை என்ற கேள்வியோடு கப்பல் ஏறினார்.

சட்டசபையில்

திரும்பி வந்ததும் வேறொரு வேலை காத்திருந்தது. 1917-ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், சென்னைச் சட்டசபையில் ஒரு பெண் உட்கார வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மையார் பெயர் முன்மொழியப்பட்டது. டாக்டர் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். 1927-ல் சபையில் அமர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை ஏறிய முதல் பெண் அவர்தான். உறுப்பினர்கள் ஏகமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தச் சட்டசபை இன்றைய சட்டசபை போன்றதல்ல. இரட்டை ஆட்சி என்பார்கள். சுகாதாரமும் கல்வியும் இந்திய மந்திரிகளிடம். கஜானா சாவியோ கவர்னரின் ஆட்களிடம். உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறினாலும் அது சிபாரிசுதான். செய்தால் செய்வார்கள், விட்டால் விட்டதுதான்.

அப்படிப்பட்ட சபையில் அம்மையார் என்ன கேட்டார் என்று பார்ப்பது சுவையானது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தனி ஆஸ்பத்திரி உடனே வரவில்லை. மகப்பேறு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. கேட்டது முழுசாகக் கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு போகிறவர் அல்ல அவர். கிடைத்ததை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். நகராட்சிகள் நடத்தும் பள்ளிகளிலும் மற்றப் பள்ளிகளிலும் டாக்டர்கள் போய்ப் பிள்ளைகளை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்றார். கண் தெரியாத பிள்ளை மக்கு என்று பெயர் வாங்குவதும், காது கேளாத பிள்ளை அடி வாங்குவதும் எத்தனை வகுப்புகளில் நடந்திருக்கும்? நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வருவது போதாது, டாக்டர் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற யோசனை அது.

தேவதாசி முறையை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம் எல்லாரும் அறிந்தது. 1927-ல் தீர்மானம், 1929-ல் கோயில் மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கும் சட்டத் திருத்தம். வைதீகர்கள் எதிர்த்தார்கள், காங்கிரசில் சத்தியமூர்த்தி எதிர்த்தார், பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தேவதாசிகள் சிலரும் எதிர்த்தார்கள். வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். முழுச் சட்டம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947-ல்தான் வந்தது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

1930-ல் காந்தியடிகள் கைதானார். அம்மையார் தம் பதவியை ராஜினாமா செய்தார். சபையில் இருந்தது மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

அதே காலத்தில் தேவதாசிக் குலத்துப் பெண் பிள்ளைகள் மூவர் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின. சொந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. 1936-ல் அது அடையாறுக்குப் போயிற்று. பின்னர் அம்மையார் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேனாகவும் ஆனார். வார்டில் நின்று வாக்குக் கேட்டு வருகிறவர் கவுன்சிலர். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறவர் ஆல்டர்மேன்.

கையேந்திய காலம்

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. அங்கே அம்மையார் எழுந்து, புற்றுநோய்க்கு ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். தங்கை இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு யுத்தம் வந்தது. பேச்சு அப்படியே கிடந்தது.

சுதந்திரம் வந்த பிறகு மறுபடி கேட்டார். சர்க்கார் தரப்பில் உற்சாகம் இல்லை. காலராவுக்கும் அம்மைக்கும் காசத்துக்குமே பணம் போதவில்லை. பிழைக்காத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற மனப்பான்மை. இதை வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிட முடியாது. அன்றைய ராஜ்யத்தின் கஜானா அப்படி இருந்தது. ஆனால் அம்மையாரிடம் அதற்குப் பதில் இருந்தது: பிழைக்காத நோய் அல்ல, பிந்தி வருகிற நோய். லண்டனில் தாம் பார்த்தது அது.

பம்பாயில் 1941-ல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி வந்துவிட்டது. கல்கத்தாவில் 1950-ல் சித்தரஞ்சன் ஆஸ்பத்திரி வந்தது. தெற்கே இப்படி ஒன்றும் இல்லை. ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்டு கதிரியக்க நிலையம் இருந்தது. மைசூர், ஆந்திரம், கேரளம் எல்லாவற்றுக்கும் அது எப்படிக் காணும்?

1949-ல் மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஓய்வெடுக்கிற வயதில் நன்கொடைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மாஜித் துணைத் தலைவர், பேர் பெற்ற டாக்டர், அடுத்தவர் வாசலில் போய் நிற்பது சின்ன விஷயமல்ல. ஊரில் ஒரு கோயில் திருப்பணிக்கோ சங்கக் கட்டடத்துக்கோ வசூலுக்குப் போனவர்களுக்கு அந்த வாசலின் உயரம் தெரியும். பணக்காரரும் கொடுத்தார், ஏழையும் கொடுத்தார். இடையே மகன் கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய்ச் சிகிச்சை படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குக் கல் நடுவதற்கு முன்பே டாக்டரைத் தயார் செய்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

பொதுமக்கள் பணம் சேர்ந்ததைக் கண்ட பிறகு சர்க்காரும் இறங்கி வந்து அடையாறில் நிலம் கொடுத்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்.

பன்னிரண்டு படுக்கை

1954-ம் ஆண்டு ஜூன் 18-ந்தேதி ஆஸ்பத்திரி திறந்தது. பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம் சின்னக் கட்டடம். படுக்கை பன்னிரண்டு. நம் லைன் வீடுகளில் நாலைந்தைச் சேர்த்தால் எவ்வளவு இடமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறு வருஷம் டாக்டர் வி.சாந்தா வந்து சேர்ந்தார். எழும்பூர் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சர்க்கார் உத்தியோகம் கையில் இருந்தது. பென்ஷன் உள்ள வேலை. அதை விட்டுவிட்டு, சம்பளம் நிச்சயமில்லாத இடத்துக்கு வந்தார். குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஆயுளைக் கழித்தார்கள்.

1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் இயந்திரம் வந்தது. கோபால்ட்-60 என்னும் உலோகத்திலிருந்து கிளம்பும் காமாக் கதிர்கள், தோலை அதிகம் பொசுக்காமல் உடம்புக்குள்ளே ஆழத்தில் உள்ள கட்டியைப் போய்த் தாக்கும். பழைய எக்ஸ்ரே சிகிச்சையில் கதிர் உள்ளே எட்டுவதற்குள் மேல்தோல் வெந்துவிடும். அந்த உலோகத்தின் வீரியம் ஐந்தேகால் வருஷத்தில் பாதியாகிவிடும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். இந்தியாவில் இத்தகைய இயந்திரம் முதலில் வந்தது அடையாறுக்குத்தான் என்பது அந்த ஆஸ்பத்திரியின் பெருமை. ஊர் வசூலில் தொடங்கிய இடத்தில், பெரிய பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு முன்பாக!

இயந்திரம் ஒரு பக்கம். அம்மையார் வகுத்த விதி மறுபக்கம். பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்குச் செலவிடுவது. குறைக்கு நன்கொடை, அதற்கும் குறைந்தால் சர்க்கார் மானியம். இப்படி நாலு கால் உள்ள கட்டில் அது. ஒரு கால் ஆடினாலும் மற்ற மூன்றும் தாங்கின. நம் ஊரில் எல்லாம் ஒற்றைக் கால் மேல் நின்றது.

அவருக்குப் பிறகு

1954-ல் தொடங்கிய மாநிலச் சமூகநல ஆலோசனை வாரியத்துக்கு அம்மையார்தான் முதல் தலைவர். 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. பார்வை மங்கிய வயதிலும் அவ்வை இல்லத்துப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியையும் கவனித்து வந்தார். 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி சென்னையில் காலமானார். எண்பத்திரண்டு வயது முடிய எட்டே நாள் இருந்தது.

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் மகப்பேறு உதவி அவர் பெயரில்தான் நடக்கிறது. 2006-ல் 6 ஆயிரம் ரூபாய், 2011-ல் 12 ஆயிரம், 2018-ல் 18 ஆயிரம் என்று அது உயர்ந்தது. எல்லை தாண்டி வந்த நமக்கு அது கிடையாது என்பது வேறு விஷயம். நம் வீட்டுப் பெண்ணைத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தால் அவள் வாங்கியிருப்பாள். யார் பெயர் அது என்று அவளிடம் சொல்லலாம்.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-ல் காலமானார். சாந்தா அம்மையாருக்கு 2005-ல் மகசேசே விருது கிடைத்தது. 2021-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி அவரும் மறைந்தார். பன்னிரண்டு படுக்கை இன்று பல நூறாகியிருக்கிறது.

தங்கவயலிலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். உடம்பில் ஒரு கட்டி, ஆறாத வாய்ப்புண், நிற்காத இருமல், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகும் உதிரப்போக்கு என்றால், லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடுவதுதான் நம் வழக்கம். பெங்களூரிலேயே கித்வாய் ஆஸ்பத்திரி 1973 முதல் இருக்கிறது. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எங்கே போனாலும், சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் சான்று வாங்கி, டிக்கெட் எடுக்கும்போது கவுண்டரில் கொடுக்க வேண்டும்.